பெஞ்சை நிமிர்த்தியவர்

சென்ற மாதம் இளம் நிருபர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நகரத்தில் புதிது புதிதாகத் திறக்கும் உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றிச் சிறப்புக் கட்டுரை எழுதுகிறாராம். “நீங்கள் முந்தி ஒரு ஜிம் சாவைப் பற்றி எழுதினனீங்களாமே, மிஸ். அதில அப்பிடி என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“பெஞ்ச் எந்தச் சாய்வில இருந்தது எண்டதுதான்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவள். தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் மரண அறிவித்தல்களில் பிழை திருத்தினேன். பிறகு மீன் விலை, அதன் பிறகு நீதிமன்றம். மற்றதெல்லாம் கொழும்பிலிருந்த செய்தி ஆசிரியர் தொலைபேசியில் கற்றுத்தந்தது.

அவர் வணக்கம் சொல்வதில்லை. “ம், வாசியுங்கோ” என்பார். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நிறுத்துவார். “பார்த்தீங்களா, கேட்டீங்களா?” கேட்டது என்றால், “ஆர் சொன்னது?” யாரென்று சொன்னால், “அவர் பார்த்தவரா?” மூன்றாவது கேள்வியில் பாதிச் செய்தி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததற்காக அவர் வருந்தி நான் கேட்டதில்லை. ஒருமுறை இறக்கக்கண்டியில் மீன்பிடிப் படகொன்று எரிந்து நாசமானது என்று எழுதினேன். “நாசம் எண்டால்? எஞ்சின் மிஞ்சினதா?” என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். எஞ்சினைக் கழற்றிக் கரையில் ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். படகுக்காரர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். ‘நாசம்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. அவர் பாராட்டுவதும் இல்லை. செய்தி ஒழுங்காக இருந்தால் “சரி, வையுங்கோ” என்பார். அதோடு தொடர்பு அறுந்துவிடும்.

நான் சொல்ல வந்த சாவு, துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த ஒரு ஜிம்மில் நடந்தது. அது ஒரு காலத்தில் சாமான் அடுக்கும் கிட்டங்கி. தகரக் கூரை, சீமெந்துத் தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசலில் எந்நேரமும் ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு மூன்று வாழைப்பழத் தோலுக்காக நிற்கும். நடத்தியவர் துரைராசா மாஸ்டர். சாமான்களில் முக்கால்வாசி அவரே சொல்லி, பக்கத்து இரும்பு ஒட்டு வேலைக்காரரிடம் குழாய் வெட்டிச் செய்வித்தவை. அவற்றில் ஒன்று நெஞ்சுக்குப் பாரம் தூக்குகிற பெஞ்ச். அதன் முதுகுப் பலகையை, துளையில் செருகும் ஊசியை மாற்றி மாற்றிப் பல சாய்வுகளில் வைக்கலாம். தலைப்பக்கம் உயர, மட்டமாக, அல்லது தலைப்பக்கம் தாழ. தாழ்த்திப் படுக்கிறவர் வழுக்கி இறங்காமலிருக்க, கால்மாட்டில் பஞ்சு சுற்றிய இரண்டு உருளைகள். கால்களை அவற்றுக்குள் கொளுவிக்கொள்ள வேண்டும்.

இறந்தவர் அன்ரன். துறைமுக இழுவைப் படகில் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய படகிலேயே வேலை செய்த கிண்ணியா நிஸ்தாரும் அவரும் மத்தியானத்தில் ஒன்றாக ஜிம்முக்கு வருவார்கள். ஒருவர் படுத்துத் தூக்க, மற்றவர் தலைமாட்டில் நின்று பிடிப்பார். லுஹர் என்கிற மத்தியானத் தொழுகைக்கு நிஸ்தார் பள்ளிவாசலுக்குப் போவார். அவர் வரும்வரை அன்ரன் பாரத்தில் கை வைப்பதில்லை. மாஸ்டர் அந்நேரம் சாப்பிட வீட்டுக்குப் போவார். கூடத்தில் வேறு ஆள் இருக்காது.

அன்று நிஸ்தார் திரும்பி வந்தபோது, இரண்டு முனையிலும் எடைத் தட்டுகள் ஏற்றிய இரும்புப் பார் அன்ரனின் கழுத்தின் மேல் கிடந்தது. அதைத் தூக்கி எறிந்தார். கத்தினார். ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆசுப்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

பொலிஸார் வந்தபோது பெஞ்ச் மட்டமாக இருந்தது. எல்லாக் கதையும் அங்கேதான் தொடங்கியது.

ஜிம்மில் பழகிய எவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. மட்டமான பெஞ்சில் தூக்க முடியாமல் போனால் பார் நெஞ்சில் இருக்கும். வயிற்றுப்பக்கம் உருட்டிவிட்டு எழும்பலாம். தானாகக் கழுத்துக்கு வராது. இரண்டாவது விஷயம், தனியே தூக்குகிறவன் தட்டுகள் கழலாமலிருக்கப் போடும் லொக்கைப் போடமாட்டான். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்ப்பான், தட்டுகள் சரிந்து விழும், பாரம் போய்விடும். அன்ரனின் பாரில் இரண்டு பக்கமும் லொக் இறுக்கப்பட்டிருந்தது. ஆகவே, அவர் தனியே இல்லை. ஆகவே, பாரைக் கழுத்துக்குத் தள்ளியது ஒரு கை.

பின்னேரத்துக்குள் இது நகரம் முழுக்கப் பரவிவிட்டது. ஓர் இணையத்தளம் ‘மர்மச் சாவு’ என்று போட்டது. இரண்டு பேரின் பெயரும் கீழே இருந்தது. அந்த இரண்டு பெயர்களும் எங்கள் ஊரில் தனித்தனியே என்ன சொல்லும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மறுநாள் காலையில் சந்தைக்குப் பக்கத்தில் சில கடைகள் திறக்கவில்லை. சந்தியில் பொலிஸ் ஜீப் நின்றது. நிஸ்தாரை விசாரணைக்கு என்று நிலையத்தில் வைத்திருந்தார்கள்.

அவர் சொன்னது சுருக்கமானது. “தலை கீழ கிடந்திச்சு. ரத்தம் தலைக்கு இறங்கும் எண்டு பெஞ்சை நான்தான் நிமித்தினன்.”

“நீயே நிமித்திப்போட்டு நீயே சொல்லுறாய்” என்றார் பொலிஸ்காரர்.

நான் செய்தி ஆசிரியரிடம் வாசித்தேன். சந்தேகம் என்ற சொல் அதில் இருந்தது.

“ஆருக்குச் சந்தேகம்?”

“ஊருக்கு, சேர்.”

“ஊர் பார்த்ததா?”

“இல்லை.”

“அந்த ஆள் எங்க போனவர்?”

“பள்ளிக்கு. தொழ.”

 தொலைபேசியில் அச்சு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. “தொழப் போனார் எண்டு போட்டால் ஒருத்தன் ஒரு மாதிரி வாசிப்பான். போடாட்டி எங்க போனான் எண்டு மற்றவன் கேட்பான். ‘வெளியே சென்றிருந்தார்’ எண்டு போடுங்கோ. பெஞ்சைப் பற்றி ஒண்டும் வேண்டாம். அது உங்களுக்கே விளங்கேல்ல.”

விளங்கவில்லைதான். அடுத்த நாள் ஜிம்முக்குப் போனேன். வாசலில் இருந்த ஒரு பெடியன் மறித்தான். “மிஸ், இஞ்ச பொம்பிளையள் வாறேல்ல.” உள்ளேயிருந்து மாஸ்டர், “அவ பாரம் தூக்க வரேல்லடா, எங்களைத் தூக்க வந்திருக்கிறா” என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

மாஸ்டர் பெஞ்சை ஒவ்வொரு சாய்விலும் வைத்துக் காட்டினார். அன்று நான் விளங்கிக்கொண்டது இது. பாரம் எப்போதும் நிலத்தை நோக்கித்தான் இழுக்கும். எந்தச் சாய்வில் படுத்தாலும் கைகள் அதை நேர் மேலேதான் தள்ள வேண்டும். மாறுவது உடம்பு மட்டும். மட்டமான பெஞ்சில் பார் நடு நெஞ்சுக்கு இறங்கும். தலைப்பக்கம் உயர்ந்தால் கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கும். அங்கே தோளின் பங்கு கூடுவதால் தூக்கக்கூடிய எடை குறையும். தலைப்பக்கம் தாழ்ந்தால் நெஞ்சின் அடிப்பகுதிக்கு இறங்கும். பார் போய்வரும் தூரமும் குறையும். மட்டத்தில் அசையாத எடை அங்கே அசையும். ஆண்களுக்குத் தாழ்ந்த பெஞ்சில் ஓர் ஆசை இருப்பது அதனால்தான் என்றார் மாஸ்டர்.

ஆனால் தூக்க முடியாமல் பார் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது உடம்பு ஒரு பலகை, பார் ஓர் உருளை. தலை உயர்ந்த பெஞ்சில் அது மடியை நோக்கி உருளும். தலை தாழ்ந்த பெஞ்சில் கழுத்தை நோக்கி. முப்பது பாகைச் சரிவென்றால் எடையில் பாதி சரிவு வழியே இழுக்கும். அந்தப் பெஞ்சின் கடைசித் துளை ஏறத்தாழப் பதினைந்து பாகை. அதில் கால்வாசி. அன்ரனின் பாரில் இருந்தது நூறு கிலோ. அதில் கால்வாசி என்றால் அரைச் சீமெந்துப் பையின் எடை. களைத்துப் போன கைகள் அதைக் கழுத்துக்கு வராமல் மறிக்க வேண்டும். வயிற்றுப்பக்கம் உருட்ட வேண்டுமென்றால் மேட்டில் உருட்ட வேண்டும். கால்கள் உருளைகளுக்குள் கொளுவியிருக்கும். இறங்கி நழுவவும் ஏலாது, எழும்பவும் ஏலாது.

ஆனால் இதெல்லாம் பெஞ்ச் தாழ்ந்திருந்தால்தான். தாழ்ந்திருந்தது என்று சொன்னவர் ஒருவர் மட்டும்.

மரண விசாரணை ஆசுப்பத்திரியில் தொடங்கியது. திடீர் மரண விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற தபாலதிபர். மெதுவாகப் பேசுவார், கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் சந்தேகம் என்று ஒரு வார்த்தை எழுதினால் விஷயம் நீதவானிடம் போகும், நிஸ்தார் விளக்கமறியலுக்குப் போவார். அது நடந்தால் சந்தியில் நிற்கும் ஜீப் ஒன்று போதாது என்பதும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்ரனின் மனைவி றெஜினா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கட்டைபறிச்சானில் பிறந்தவர். அவரிடம் கேட்டபோது, “அவர் தனியப் பாரம் தூக்கமாட்டார், ஐயா. நிஸ்தார் நானா வராமல் தூக்கவே மாட்டார்” என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். அவர் சொன்னது நண்பர்களைப் பற்றிய நல்ல வார்த்தை. அந்த அறையில் அது நிஸ்தாருக்கு எதிரான சாட்சியாக விழுந்தது. நிஸ்தார் தலையை நிமிர்த்தவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாசித்தார். குரல்வளைக் குருத்தெலும்பு நசுங்கியிருந்தது. கைகளில் காயம் இல்லை. இரண்டு கணுக்கால்களின் முன்பக்கத்திலும் குறுக்காகக் கன்றிய தடம் இருந்தது. கடைசி வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. விசாரணை அதிகாரி மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாரும் அந்த இடத்துக்குப் போவம்” என்றார்.

ஜிம்மில் மத்தியான வெயில் தகரத்தில் இறங்கியிருந்தது. அதிகாரி, பொலிஸார், மாஸ்டர், நிஸ்தார், றெஜினா, அவருடைய தமையன், நான். கண்ணாடிச் சுவரில் நாங்கள் எல்லோரும் இரண்டிரண்டாக நின்றோம்.

அதிகாரி நிஸ்தாரைப் பார்த்து, “அண்டைக்கு இருந்த மாதிரி பாரைப் போடுங்கோ” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நிஸ்தார் தட்டுகளை உருட்டி வந்தார். ஒரு பக்கம் ஏற்றினார். பக்கத்து இரும்பில் தொங்கிய லொக்கை எடுத்தார், போட்டார், இறுக்கினார், தட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். மற்றப் பக்கமும் அப்படியே. அதிகாரி அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“லொக் போடச் சொல்லி நான் சொல்லேல்லையே?”

நிஸ்தார் பாரைப் பார்த்தார், அப்போதுதான் அதைக் காண்பதைப் போல. “படகில ஒரு வாளியக்கூட கட்டாம வைக்கமாட்டம், ஐயா. கட்டாட்டி கடலுக்குள்ள போயிரும். எங்கட கை அப்பிடிப் பழகிட்டு.”

“இதுக்கு நான் எத்தின தரம் ஏசியிருக்கிறன்” என்றார் மாஸ்டர். “எப்பவாவது தனியத் தூக்கவேண்டி வந்தால் லொக் போடாதேங்கோ எண்டு. ‘மாஸ்டர், உங்களை டெக்கில ஏத்தினா உங்களையும்தான் கட்டுவம்’ எண்டு அன்ரன் பகிடி விடுவான்.”

றெஜினா அழுத சத்தம் அப்போதுதான் முதன்முறை கேட்டது.

பிறகு அதிகாரி மாஸ்டரிடம், “கணுக்காலின்ர முன்பக்கத்தில தடம் இருந்தால், இதில என்ன மாதிரிப் படுத்திருக்கோணும்?” என்று கேட்டார். மாஸ்டர் உருளைகளைத் தொட்டுக் காட்டினார். மட்டத்தில் படுப்பவர் பாதங்களை நிலத்தில் ஊன்றுவார். கால்களை அங்கே கொளுவுவது தலை தாழ்ந்த சாய்வில் மட்டும். பதறி உதைக்கும்போது உருளை அழுத்துகிற இடம் கணுக்காலின் முன்பக்கம்.

“அப்ப தாழ்த்துங்கோ.”

ஊசியைக் கடைசித் துளைக்கு மாற்றினார்கள். உருளும் விதத்தைப் பார்க்க ஒரு மணல் மூட்டையை வைக்கலாம் என்றார் பொலிஸ்காரர். நிஸ்தார், “நான் படுக்கிறன்” என்றார். யாரும் சம்மதிப்பதற்குள் படுத்துவிட்டார், கால்களைக் கொளுவிவிட்டார். தட்டுகளைக் கழற்றி வெறும் பாரை அவருடைய நெஞ்சின் அடியில் வைத்தார்கள். மாஸ்டர் தலைமாட்டில் நின்றார். நிஸ்தார் கைகளை விட்டார்.

பார் அசையாமல் கிடந்தது. அவர் மூச்சை விட்டார். நெஞ்சு தணிந்தது. பார் உருண்டது. சட்டைப் பொத்தான்களின் மேல் டக் டக்கென்று சத்தம் வந்தது. கழுத்துக்கு நாலு விரல் இருக்கையில் மாஸ்டர் பிடித்தார்.

“காணும், போதும்” என்றார் அதிகாரி.

நிஸ்தார் எழும்பவில்லை. தலை தாழ, முகம் சிவந்து, மாஸ்டரை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார். “மாஸ்டர், அவன் ஏலாம நிண்ட நேரம் நான் இஞ்ச நிண்டிருந்தா, எவ்வளவு தூக்கியிருக்கோணும்?”

“எழும்பு நிஸ்தார்.”

“சொல்லுங்க.”

பாரம் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் கை செத்துவிட்டதென்று அர்த்தமில்லை. நூறில் தொண்ணூற்றைந்தை அந்தக் கை அப்போதும் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். குறைவது மிச்சம் மட்டும். மாஸ்டர் இதை எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது அவர் விசாரணை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வாசலைப் பார்த்தார்.

“ரெண்டு விரல் காணும்” என்றார் மாஸ்டர்.

றெஜினா முன்னால் வந்தார். தமையன் கையைப் பிடிக்க, உதறினார். “நானா, எழும்புங்கோ. நீங்கள் தொழத்தானே போனீங்கள். அவர் பொறுத்திருக்கலாம்.”

நிஸ்தார் கால்களை உருவிக்கொண்டு எழுந்து பெஞ்சின் விளிம்பில் இருந்தார். “தொழுகை வெள்ளன முடிஞ்சிட்டு, தங்கச்சி. வெளிய ஒருத்தன் படகு எஞ்சின் விக்கிற கதை சொன்னான். நிண்டு ப்ளேன்டி குடிச்சன்.” பிறகு, “சீனி காணாதெண்டு திருப்பிக் குடுத்து, ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சன்” என்றார்.

பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்திலும் அவர் இதைச் சொல்லியிருந்தார். ஊர் அவர் பள்ளிக்குப் போனதைப் பற்றித்தான் பேசியது. தேநீரைப் பற்றிப் பேசியவர் அவர் மட்டும்.

தற்செயலான மரணம் என்று தீர்ப்பு வந்தது. நிஸ்தாரை அன்றே விட்டார்கள். நான் தொலைபேசியில் வாசித்தேன். ஆசிரியர் பெஞ்சின் சாய்வை இரண்டு முறை கேட்டார், கணுக்கால் தடத்தை ஒருமுறை. “பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். சரி, வையுங்கோ” என்றார். இரண்டு விரலையும் தேநீரையும் நான் எழுதியிருக்கவில்லை. அவை விசாரணையின் கேள்விகள் அல்ல. அன்ரன் அன்று ஏன் காத்திருக்கவில்லை என்பதையும் எழுதவில்லை. அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. செய்தி உட்பக்கத்தில் வந்தது. கடைகள் திறந்தன. ஜீப் போய்விட்டது. இணையத்தளம் திருத்தம் எதுவும் போடவில்லை. வேறு மர்மத்துக்குப் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது மாஸ்டர் வாசலில் இருந்தார். நிஸ்தார் எப்படி என்று கேட்டேன்.

திரும்பி வேலைக்குப் போய்விட்டாராம். மத்தியானத்தில் ஜிம்முக்கும் வந்தாராம். பாரம் தூக்குவதில்லை. எவர் பெஞ்சில் படுத்தாலும் தலைமாட்டில் போய் நிற்பார். கேட்டாலும் கேட்காவிட்டாலும். வெறும் பாரைத் தூக்குகிற புதுப் பெடியன்களுக்கும். “நானா, இது சும்மா பைப்தான்” என்று அவர்கள் சொன்னால், “இருக்கட்டும்” என்பார்.

“நல்லதுதானே” என்றேன்.

“என்ன நல்லது, மிஸ்?” மாஸ்டர் செருப்பால் தரையைத் தேய்த்தார். “பார் கொஞ்சம் மெதுவானால் காணும், உடனே விரலைக் கொடுத்திடுவான். ரெண்டு விரல் பட்டால் தூக்கினது ஆரெண்டு தெரியுமா? பெடியள் சண்டைக்கு வந்திட்டாங்கள். ‘மாஸ்டர், ஒரு நாளாவது நாங்களாத் தூக்க விடச் சொல்லுங்கோ’ எண்டு. அவனைக் கூப்பிட்டுச் சொன்னனான், இனி வராதை எண்டு.”

“என்ன சொன்னவர்?”

“ஓம் எண்டான். எல்லாப் பாரிலயும் இருந்த லொக்குகளைக் கழட்டி ஒரு பக்கமா வைச்சிட்டுப் போனான்.”